நூல் பிரிக்காத நீலச் செருப்பு

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கோடையைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்துக்குக் கிழக்கே, மாடம்பாக்கம் போகிற வழியில் மனை வாங்கி, கடன் வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடு கட்டி நம் அப்பாக்கள் குடிவந்த காலம். தெருவுக்குப் பெயர் கிடையாது. தபால்காரர் அப்பாக்களின் ஆபீஸ் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார். அந்த வருஷம் ஏரி வறண்டது, பிறகு ஒவ்வொரு வீட்டுக் கிணறாக வறண்டது. எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீரில் விழும் சத்தத்துக்குப் பதிலாகக் கரகரவென்று மணல் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவாள்.

எனக்கு அப்போது பத்து வயது. தங்கைக்கு ஆறு.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் நுனிக்காலில்தான் நடப்பாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். புதிதாக வருகிறவர்களின் கையை மோந்து பார்ப்பாள். பிடித்திருந்தால் அங்கேயே நிற்பாள், பிடிக்காவிட்டால் அலறுவாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா" என்று நம்மிடமே திருப்பிச் சொல்வாள். தாகமெடுத்தால், "நீ தண்ணி குடிக்கணும்" என்பாள். அவளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் 'நீ' என்றுதானே சொல்கிறோம், அதனால் தன் பெயரே 'நீ' என்று நினைத்துவிட்டாளோ என்னவோ. ரேடியோவில் தினமும் கேட்ட வானிலை அறிக்கையை அதே குரலில், அதே இழுப்போடு சொல்வாள். "வறண்ட வானிலையே நிலவும்." இதை அவள் எந்த நேரத்திலும் சொல்வாள். சோறு பிசையும்போது, தலை வாரும்போது, துக்க வீட்டில் கூட.

காலில் செருப்பு போடவே மாட்டாள். வார் தோலில் பட்டால் நெருப்புப் பட்டது போலத் துள்ளுவாள். அம்மா அவளுக்காக வாங்கிய நீல ரப்பர் செருப்பு, கடைக்காரர் ஜோடி சேர்த்துக் கட்டிய நூலோடு அப்படியே அலமாரிக்கு அடியில் கிடந்தது.

அந்த மாசி மாதம்தான் அப்பா எங்களை மின்சார ரயிலில் ஏற்றி, பட்டணத்தில் பெரிய டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் போனேன். டாக்டர் அறையில் மின்விசிறி டக் டக்கென்று ஒரே மாதிரி சத்தம் போட்டது. தங்கை அதையே பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். டாக்டர் அவளைத் தொடவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"இந்தக் குழந்தை வயித்துல இருக்கும்போது உங்களுக்கு வேண்டாம்னு தோணிச்சா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டாவதும் பொண்ணா போச்சேன்னு மனசுல இருந்திருக்கலாம். குழந்தைக்கு அது தெரிஞ்சிடும்மா. தாய்கிட்ட கதகதப்பு இல்லேன்னா குழந்தை உள்ளுக்குள்ளயே பூட்டிக்கும். நிறைய கட்டிப் புடிங்க. தனியா விடாதீங்க. அழுதாலும் விடாதீங்க."

அப்பா அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பல்லாவரம் தாண்டித் தோல் பதனிடும் வாடை அடித்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், அம்மா மட்டும் பொத்தவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவள் மேல் கோபம். இவள்தான் என் தங்கையை இப்படி ஆக்கிவிட்டாள் என்று பத்து வயதில் நான் முழுசாக நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அம்மா கட்டிப் பிடிக்க ஆரம்பித்தாள். காலையில் அரை மணி, மத்தியானம் அரை மணி, விளக்கு வைத்ததும் அரை மணி. தங்கை திமிறுவாள், கத்துவாள், கடிப்பாள். அம்மாவின் முன்னங்கையில் பல் தடங்கள் வரிசையாக, சில பழுத்து, சில ஆறி. அம்மா அதை மறைக்க மணிக்கட்டு வரை வரும் ரவிக்கை தைத்துக்கொண்டாள். விடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், விடவில்லை. வெளியே போவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கு மட்டும் போவாள், அதுவும் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து.

வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்தது. அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு விடுதியைப் பற்றி விசாரித்து வந்தார். செங்கல்பட்டுக்கும் அப்பால். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம், வருஷத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்க்கலாமாம். அப்பா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் விடுதி. அவர் கெட்டவர் இல்லை. சாப்பிடும்போது முதல் உருண்டையைத் தங்கைக்குத்தான் வைப்பார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டே கதவுகள்தான் இருந்தன.

தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் போனது பம்புசெட்டு அம்மாவின் கிணற்றுக்கு. அது அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். காலனிக்கே அவர்கள்தான் நிலம் விற்றவர்கள். மிச்சமிருந்த வயலில் பெரிய கிணறு ஒன்று, பக்கத்தில் மோட்டார் அறை, சிமெண்டுத் தொட்டி. அந்தக் கோடையில் எல்லாக் கிணறும் செத்தபோது அது மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மா மோட்டார் போடுவார், ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார். வீட்டுக்கு இரண்டு குடம். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருப்பார். எங்கள் அம்மாக்களுக்கு அவரைக் கண்டால் பயம், கொஞ்சம் இளக்காரமும்.

நான் தண்ணீருக்குப் போகும்போது தங்கையையும் கூட்டிப்போக வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் அம்மாவுக்கு மூச்சு விட நேரம். எனக்கோ அது பெரிய தண்டனை. மற்ற பிள்ளைகள் களத்து மண்ணில் கட்டம் கிழித்து, நொண்டியடித்துப் பாண்டி ஆடுவார்கள். நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை என் சிநேகிதி, எதிர்வீட்டுக்காரி, "அவளையும் சேத்துக்கலாம்டி" என்று கையைப் பிடித்துக் கட்டத்துக்குள் இழுத்தாள். தங்கை அவள் தோளைக் கடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பேசியதை நான் எழுதப் போவதில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரி மறுநாளே வந்துவிட்டாள். முன்பல் இரண்டு விழுந்த வாயோடு, "நான் சடார்னு இழுத்தேன், அதான் கடிச்சா. என் மேலதான் தப்பு" என்றாள். அவளுக்கும் பத்து வயதுதான்.

தங்கைக்குக் குடங்கள் பிடித்துப்போயின. வரிசையில் வைத்திருக்கும் குடங்களின் அருகே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தட்டிப் பார்ப்பாள். பித்தளைக்கு ஒரு சத்தம், எவர்சில்வருக்கு ஒன்று, நசுங்கிய அலுமினியத்துக்கு ஒன்று. அப்போதுதான் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கும் உதவாத சத்தம் போடும், அதைத் தட்டியதும் முகத்தைச் சுளிப்பாள். கோணலாக இருந்தால் நேராக்குவாள். பெண்கள் திட்டுவார்கள். "ஏய், கொடத்தைத் தொடாதே. யாருடி இவளை இங்க விட்டது?" அதிகம் திட்டியது கார்னர் வீட்டு அம்மா.

ஒருநாள் மோட்டார் போடுகிற நேரத்தில் பம்புசெட்டு அம்மாவின் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வரிசைக்குள் பாய்ந்தது. முப்பது நாற்பது குடமும் நாலாபக்கமும் உருண்டன. கன்று போன பிறகு சண்டை ஆரம்பித்தது. நான் முன்னாடி, நீ பின்னாடி, என் பித்தளைக் குடம் மூணாவது, உன்னது எங்கே இருந்தது. காலனிக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முடியைப் பிடித்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு இப்டி கூவறீங்க?" பம்புசெட்டு அம்மா எழுந்தார். "பேஜார் பண்ணீங்கன்னா மோட்டாரை நிறுத்திட்டு பூட்டிக்கினு பூடுவேன். ஒரு சொட்டு கெடையாது."

கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு குடத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து வைத்தாள். போனாள், தேடினாள், இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நடுவில் எந்தக் குடத்தையும் இரண்டாவது தடவை தொடவில்லை. யோசிக்கவில்லை, தயங்கவில்லை. பெரிய குடங்களை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் உதவப் போனபோது எதிர்வீட்டுக்காரி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "போகாதடி. அவளே பண்ணட்டும்."

விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. வழக்கமாக அதற்குக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அன்று பொத்தவில்லை. கடைசிக் குடத்தை வைத்து முடித்தபோது வரிசை நேராக, கயிறு பிடித்தது போல நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். என்னோடது அங்கேதான் இருந்தது. என்னோடதும். என்னோடதும். கார்னர் வீட்டு அம்மாவின் குடம் மட்டும் அவர் சொன்ன ஐந்தாம் இடத்தில் இல்லை, கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"யம்மாடி!" என்றார் பம்புசெட்டு அம்மா. வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தங்கையின் எதிரே, நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தார். "மொத்த லைனும் இவ மண்டையில கீது. நமக்கு நம்ம கொடமே தெரியல."

பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "நாளையிலேருந்து இவ தட்டற கொடம்தான் நகரும். தட்டினா வந்து புடிச்சிக்கினு போங்க. யாரும் அவ மேல கை வைக்கக் கூடாது. முதுவுப் பக்கம் வரக் கூடாது. எங்க வூட்டு செவலை மாட்டையே பக்கவாட்டுல வந்து தொட்டா ஒதைக்கும். எதிர்க்க வந்து நில்லு, அதுவா மோந்து பாக்கட்டும். அவ்ளோதான்."

என் தங்கையை மாட்டோடு சேர்த்துப் பேசிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லவே இல்லை. தங்கைக்கு என்ன வேண்டும் என்று அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பேசிய முதல் பெரியவர் அவர்தான் என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. தங்கை குழாய்க்கு அருகே நிற்பாள். ஒரு குடம் நிறைந்ததும் அடுத்ததைத் தட்டுவாள். "அடுத்து" என்பாள். அந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. திருப்பிச் சொன்னது இல்லை, ரேடியோவில் கேட்டதும் இல்லை. சண்டை போட்ட அதே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு கிழவி தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது தினமும் அவள் முன்னால் கையை நீட்டுவாள். தங்கை மோந்து பார்ப்பாள். கிழவி சிரித்துக்கொண்டே போவாள்.

இதையெல்லாம் எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் பாண்டி ஆடப் போகும்போது, "எல்லாரும் செருப்பைக் கழட்டி இப்டி லைனா வைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"வைங்கடி, சொல்றேன்."

எப்படியும் வெறுங்காலோடுதானே ஆடுகிறோம். ஏழெட்டு ஜோடி செருப்பு வரிசையாக நின்றது. ரப்பர் செருப்பு, பக்கிள் வைத்தது, அண்ணனுடைய பெரிய செருப்பைப் போட்டு வந்த ஒருத்தியின் தோல் செருப்பு. குடம் முடிந்து தங்கை வந்தாள். செருப்புகளைப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து நேராக்கினாள். அன்றைக்கு அவ்வளவுதான். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி மட்டும், "இரு, நாளைக்குப் பாரு" என்றாள்.

மறுநாளும் நேராக்கினாள். அதற்கடுத்த நாள் முதல் ஜோடியைத் தட்டினாள்.

யாருடைய செருப்போ அவள் கட்டத்தில் இறங்கினாள். கோட்டை மிதித்து அவுட் ஆனதும் தங்கை அந்த ஜோடியை எடுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த ஜோடியைத் தட்டினாள். எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை நாளும் அவள் எங்களைப் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தோம். கால் கோட்டில் பட்டதா இல்லையா என்று நாங்கள் தினமும் சண்டை போடுவோம். அவளோ எங்கள் முகத்தைப் பார்க்காமல் கால்களை மட்டும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை ஏமாற்றவே முடியாது. அதற்குப் பிறகு அந்தக் களத்தில் அழுகுணி ஆட்டம் என்பதே இல்லாமல் போனது.

அப்புறம் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டம் மும்முரமாக இருந்தது. என் முறை முடிந்து நான் அவுட் ஆகி நின்றேன். என் செருப்பு நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கை இல்லை.

மோட்டார் அறைக்குப் பின்னால் இல்லை. தொட்டிக்குள் இல்லை. மாட்டுக் கொட்டகையில் இல்லை. அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான் உண்டு, மூன்று பக்கம் திறந்தே கிடக்கும். என் கால் தானாக அங்கே போனது. மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். ரொம்ப ஆழத்தில், ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீரில் வானம் தெரிந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கிணறு அதையே திருப்பிச் சொன்னது. பம்புசெட்டு அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, செருகிய புடவையோடு ஓடிவந்து படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்.

"ஏய்! அங்க பாருங்கடி!" எதிர்வீட்டுக்காரியின் குரல்.

காலனிப் பக்கத்திலிருந்து தங்கை வந்துகொண்டிருந்தாள். நுனிக்காலில், சுடுமண்ணில், தனியாக. எங்கள் வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே இரண்டு தெரு. அவள் தனியாக அத்தனை தூரம் போனதில்லை. கையில் அந்த நீலச் செருப்பு, நூல் பிரிக்காத ஜோடி. நேராக வரிசைக்கு வந்தாள். என் செருப்பை எடுத்துக் கடைசியில் வைத்தாள், அந்த வேலை பாக்கி இருந்ததல்லவா. பிறகு எதிர்வீட்டுக்காரியின் செருப்புக்கும் அதற்கடுத்த ஜோடிக்கும் நடுவே கொஞ்சம் இடம் பண்ணி, நீலச் செருப்பை வைத்து, விரலால் தள்ளித் தள்ளி நேராக்கினாள்.

நான் மூச்சிரைக்க நின்றேன். அவளை அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். எதிர்வீட்டுக்காரி என்னைத் தடுத்தாள். அவள் முறை வந்தது, சீக்கிரமாக ஆடி வேண்டுமென்றே கோட்டை மிதித்தாள். தங்கை அந்தச் செருப்பைக் கடைசிக்கு நகர்த்தினாள். அடுத்ததாக நின்ற நீலச் செருப்பைத் தட்டினாள்.

"அடுத்து" என்றாள். பிறகு, "நீ."

யாரும் சிரிக்கவில்லை. "ஆமாடி" என்றாள் எதிர்வீட்டுக்காரி, மெதுவாக. "நீதான்."

தங்கை சில்லை எறியவில்லை. நடந்துபோய் முதல் கட்டத்தின் நட்ட நடுவில் வைத்துவிட்டு வந்தாள். "எறியணும், வைக்கக் கூடாது" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "அவ ரூல் அது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தங்கை ஒற்றைக் காலைத் தூக்கினாள். நுனிக்காலிலேயே வளர்ந்த கால்கள் அவை. எட்டுக் கட்டத்தையும் ஒரு கோடு தொடாமல் தாண்டிப் போய், திரும்பி, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு லேசாக ஒரு உடம்பு மண்ணைத் தொட்டுத் தொட்டு எழுவதை நான் அதன் பிறகு எங்கும் பார்த்ததில்லை. கிணற்றுப் படியிலிருந்து ஏறி வந்த பம்புசெட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் நீர்.

இப்படியொரு அதிசயம் நடந்த பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஜூன் முதல் வாரம் அப்பா அவளைக் கூட்டிப்போனார், கூட நானும் போனேன். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு பொருளும் இல்லை. மணி எதுவும் அடித்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூட மணி அடித்தது. தலைமை ஆசிரியை மேஜைக்குப் பின்னாலிருந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டார்.

"வறண்ட வானிலையே நிலவும்" என்றாள் தங்கை.

அவர் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கி, தங்கையின் கவுன்களை அத்தை மடித்து வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடுதி.

நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டியது அப்போதுதான். கன்றுக்குட்டி, குடங்கள், செருப்பு, நீ. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஐந்து மணிக்கு, எத்தனையோ மாதம் கழித்து, குடத்தை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அம்மா ஒதுங்கி நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் குடத்தின் முறை வந்தது. தங்கை தட்டினாள். அம்மா ஓடிப்போய்க் கையை விரித்தாள், பழக்கம். தங்கையின் தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"யம்மா, கட்டிக்காதே" என்றார் பம்புசெட்டு அம்மா. "சும்மா நில்லு."

"டாக்டர் சொன்னாருங்க, கட்டிப் புடிக்கணும்னு. என்னாலதான் இப்படி ஆச்சாம்."

"எவன் சொன்னது? உன்னால ஆனதுன்னா என் வூட்டுக் கொட லைனு அவளுக்கு எப்டி தெரியும்? நீயா சொல்லிக் குடுத்தே? சும்மா நில்லுமா."

அம்மா கையை இறக்கி நின்றாள். தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்தது. தங்கையின் தோள் இறங்கியது. ஒரு அடி வந்தாள். இன்னொரு அடி. அம்மாவின் முன்னங்கையை, தான் கடித்த அதே இடத்தை, மோந்து பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, தன் முதுகை அம்மாவின் இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். குடம் நிறைந்து வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோடையில், அந்த வறட்சியில், தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது, பம்புசெட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மா பெட்டியைத் திறந்து கவுன்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"என்ன பண்றே?" என்றார் அப்பா.

"அவ எங்கயும் போகல."

"ஸ்கூல்ல வேண்டாம்னுட்டாங்க. நாளைக்கு நமக்குப் பிறகு…"

"நாளைக்கு நடக்கறது எனக்குத் தெரியாது. இன்னிக்கு அவ என்கிட்ட வந்தா. நீங்க ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

அப்பாவை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொண்டது. ஐந்தாவது வரை படித்தாள். வளர்ந்த பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி மடிக்கும் வேலை கிடைத்தது, போன வருஷம் வரை போனாள். இப்போது என்னோடு இருக்கிறாள். எதிர்வீட்டுக்காரியின் அப்பாவுக்கு அந்த வருஷக் கடைசியிலேயே மாற்றலாகிவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கிணறு இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஆட்டிசம் என்ற வார்த்தையை என் நாற்பதாவது வயதில்தான் கேட்டேன். அது தாயின் பாசக் குறைவால் வருவதே இல்லை என்று ஒரு இளம் டாக்டர் என்னிடம் சர்வசாதாரணமாகச் சொன்னார். அப்போது அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவருடைய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன்.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்க நிலையங்கள் இருக்கின்றன. யார் முறை என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டு, கட்டாயப்படுத்தித் தொடாதே, அவளுக்குப் பிடித்ததிலிருந்து ஆரம்பி, கூட ஆடும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் முன்பல் இல்லாத ஒரு பத்து வயதுக்காரியை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

விடுதிக்குப் போக வேண்டியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். களத்து ஓரத்தில் அப்பா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, ஆபீசுக்குப் போடும் தோல் செருப்பு. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அங்கிள், ஆடணும்னா செருப்பைக் கழட்டி லைன்ல விடணும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

அப்பா கழற்றினார். வரிசையின் கடைசியில் வைத்தார். தங்கை வந்து அந்தத் தோலை மோந்து பார்த்தாள், நேராக்கினாள், போய்விட்டாள். அவருக்கு முன்னால் எட்டு ஜோடி. மண் இன்னும் சுட்டது. அப்பா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார், என் முறை எப்போது என்று கேட்கவில்லை, முன்னால் வரப் பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது. தங்கை தட்டினாள். அப்பா அசையவில்லை. கண் கலங்கி இருந்தது, பார்க்கவில்லை போல. தங்கை யாருக்கும் இரண்டாம் தடவை தட்டியதில்லை. அப்பாவுக்காகத் தட்டினாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒற்றைக் காலில் இரண்டு கட்டம் தாண்டினார். மூன்றாவதில் தள்ளாடிக் கோட்டை மிதித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் தங்கையைப் பார்த்தோம்.

அவள் தோல் செருப்பை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தாள். அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செருப்புக்குப் பின்னால் போய் நின்றார்.